டெல் பிரசிஷன் எம்6700: கே3000எம் கார்டை எடுத்துட்டு வேற போடலாமுங்களா?

பேட்டர்ன்_கோவை

வணக்கமுங்க. கணபதியில சின்னதா ஒரு பேட்டர்ன் பட்டறை வச்சிருக்கறேன். ஃபவுண்டரிக்காரங்களுக்கு, உலோகம் வார்க்கற அச்சு எடுக்கறதுக்கு, மரத்துலயும் அலுமினியத்துலயும் பேட்டர்ன், கோர் பாக்ஸ் செஞ்சு குடுக்கறது. பம்ப் கேசிங், இம்பெல்லர், வால்வு பாடி இதுகதான் நிறைய வரும். டிராயிங் வேலை பூரா சாலிட்வொர்க்ஸ்லதானுங்க.

மெஷின் டெல் பிரசிஷன் எம்6700. ஐ7-3740க்யூஎம், 32 ஜிபி ராம், எஸ்எஸ்டி, 17 இஞ்ச் ஃபுல் எச்டி திரை, விண்டோஸ் 10. கிராஃபிக்ஸ் க்வாட்ரோ கே3000எம், 2 ஜிபி. ஏதோ ஆபீஸ்ல கழிச்சது, செகண்ட்ஸ்ல எடுத்தேன். மூணரை கிலோவுக்கு மேல கனம், அடாப்டரே ஒரு செங்கல் அளவு. ஆனா கீபோர்டும் திரையும் இன்னிக்கு வாங்கற புது லேப்டாப்ல கிடைக்காதுங்க. அதனால மாத்த மனசில்ல.

பிரச்சனை ரெண்டு. பெரிய அசெம்பிளிய (பல பார்ட் சேர்ந்த மாடல்) மவுஸ்ல திருப்பினா திக்கித் திக்கித் திரும்புது. அடுத்தது, கஸ்டமருக்குப் படமாக் காட்டறதுக்கு பிளெண்டர்ல ரெண்டர் போடுவேன். இப்பெல்லாம் பாதியில மெமரி பத்தலைன்னு நின்னு போயிருது.

ஊர்ல ஒரு கடையில கேட்டா, "லேப்டாப்ல கிராஃபிக்ஸ் மாத்த முடியாதுங்க, மதர்போர்டையே மாத்தோணும்"னு சொல்லீட்டாரு. நெட்ல பார்த்தா மாத்தலாங்கறாங்க. ஒருத்தர் க்வாட்ரோ எம்5000எம், 8 ஜிபி, வெறும் கார்டு மட்டும் 14,000 ரூபாய்ங்கறாரு. அதை விடக் கம்மியா ஜிடிஎக்ஸ் 980எம் ஒண்ணும் அவருகிட்டயே இருக்குதாம்.

போட்டா வேலை செய்யுமா? இல்ல காசைக் கொண்டு போயி நொய்யல்ல போடற கணக்கா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபிரேம்_பித்தன்

ப்ரோ, யோசிக்கவே வேணாம், 980எம். க்வாட்ரோன்னு பேர் போட்டா விலை ஏத்துவாங்க, உள்ள இருக்கறது அதே சிப்தான். இல்லன்னா இன்னொரு வழி: உங்க மெஷின்ல எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் இருக்கு. அதுல அடாப்டர் போட்டு வெளிய டெஸ்க்டாப் கார்டு ஒண்ணு மாட்டுங்க. லேப்டாப்பைத் திறக்கவே வேணாம்.

பழைய_டெல்

கோவை சார், சென்னையில ரிச்சி தெரு பக்கம் எனக்கு ஒரு மேஜை இருக்கு. ஆபீஸ்கள்ல கழிச்ச ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்தான் என் பிழைப்பு. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், டீ ஒண்ணு எடுத்துக்கிட்டு உக்காருங்க.

கடைக்காரர் பொய் சொல்லல. இப்ப வர்ற லேப்டாப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பை மதர்போர்டுலயே சால்டர் பண்ணித்தான் வருது. நீங்க திங்க்பேட் டபிள்யூ530 வச்சிருந்தா அவர் சொன்னதோட பேச்சு முடிஞ்சது. எம்6700 அந்த ரகம் இல்ல. 2012-ல வந்த மெஷின், கார்டு தனியா ஒரு ஸ்லாட்ல உக்காந்திருக்கும். எம்எக்ஸ்எம்னு பேரு. அதுல ரெண்டு அளவு. டைப் ஏ 82-க்கு 70 மில்லிமீட்டர், டைப் பி 82-க்கு 105. உங்களுது பி. அதே வருஷத்து 15 இஞ்ச் எம்4700 ஏ. எம்5000எம் கார்டும் பி தான், ஸ்லாட்ல உக்காரும். 980எம்-ல சில கம்பெனி போர்டு இந்த அளவை மீறி நீளமா இருக்கும், அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

உக்கார்றது பெரிய விஷயமில்ல. படம் வரணும். இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க.

எம்6700-ல ரெண்டு விதமா திரை வந்துச்சு. சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரைக்குப் படம் போற இணைப்பு எல்விடிஎஸ்ங்கற வகை. 3டி பார்க்கறதுக்குன்னு வந்த 120 ஹெர்ட்ஸ் திரைக்கு இடிபிங்கற வகை. பழைய கே3000எம், கே4000எம், கே5000எம் எல்லாம் எல்விடிஎஸ் திரைக்கு நேரா படம் அனுப்பும். அதுக்கப்புறம் வந்த மேக்ஸ்வெல் தலைமுறை கார்டை (எம்5000எம், 980எம் எல்லாம் அந்த ரகம்) இந்த மெஷின்ல போட்டா, அந்தத் திரைக்கு நேரா அனுப்பாது. பவர் பட்டனை அழுத்துவீங்க, ஃபேன் சுத்தும், திரை கறுப்பாவே இருக்கும், எட்டு தடவை பீப் அடிக்கும். டெல் கணக்குல எட்டு பீப்னா திரை கோளாறு. திரை நல்லாத்தான் இருக்கும், பாவம், அதுக்குப் படம் அனுப்ப ஆள் இல்ல. இந்த எட்டு பீப்பைக் கேட்டுட்டு "கார்டு டெட்"னு திருப்பி அனுப்பினவங்களும் உண்டு, திரையை மாத்தினவங்களும் உண்டு.

தப்பிக்கற வழி ஆப்டிமஸ். அதை ஆன் பண்ணினா திரையை ஓட்டறது பிராசசருக்குள்ள இருக்கற இன்டெல் எச்டி 4000. க்வாட்ரோ படத்தை வரைஞ்சு அதுகிட்டக் குடுக்கும், அது திரைக்கு அனுப்பும். அப்ப எல்விடிஎஸ் பிரச்சனையே கார்டுக்கு இல்ல. அதனால பழைய கார்டு உள்ள இருக்கும்போதே எஃப்2 அழுத்தி பயாஸ் (மெஷினோட ஆரம்ப செட்டிங்ஸ்) போயி, வீடியோ பகுதியில ஆப்டிமஸ் ஆன் பண்ணி, விண்டோஸ் ஒழுங்கா வருதான்னு பார்த்துட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுக்கணும். டிவைஸ் மேனேஜர்ல இன்டெல்லும் க்வாட்ரோவும் ரெண்டும் தெரிஞ்சா ஆன்ல இருக்குன்னு அர்த்தம். 120 ஹெர்ட்ஸ் திரையா இருந்தா அதுல ஆப்டிமஸே கிடையாது, அது வேற கதை, அப்ப தனியா கேளுங்க.

அடுத்தது டிரைவர். என்விடியா டிரைவர் கார்டை மட்டும் பார்க்காது, எந்த மெஷின்ல இருக்குன்னும் பார்க்கும். எம்6700-ல எம்5000எம்-ங்கற ஜோடி அதோட பட்டியல்ல இல்ல. "பொருத்தமான ஹார்டுவேர் இல்லை"ன்னு சொல்லி இன்ஸ்டாலர் நின்னுடும். டிரைவரை ஃபோல்டருக்குள்ள பிரிச்சு, டெல்லுக்குன்னு இருக்கற ஐஎன்எஃப் ஃபைலை (அந்தப் பட்டியல் இருக்கற ஃபைல்) நோட்பேடுல திறந்து, டிவைஸ் மேனேஜர்ல காட்டற உங்க ஹார்டுவேர் ஐடியைச் சேர்க்கணும். ஃபைலைத் தொட்டதால டிரைவரோட டிஜிட்டல் கையெழுத்து செல்லாமப் போயிடும். அதனால ரீஸ்டார்ட்ல ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போயி 7-ம் நம்பர் அழுத்தி, கையெழுத்துச் சோதனையை அந்த ஒரு தடவைக்கு நிறுத்திட்டு இன்ஸ்டால் பண்ணணும். டிரைவர் மாத்தும்போதெல்லாம் இதே கூத்துதான். லினக்ஸ்ல இந்த வம்பு கிடையாது, ஆனா அங்க சாலிட்வொர்க்ஸும் கிடையாது.

சூடு. உங்க கே3000எம் 75 வாட். எம்5000எம், 980எம் ரெண்டும் அதுக்கு மேல, எம்5000எம் 100 வாட். அடாப்டர் 240 வாட் டெல் ஒரிஜினல்னா கரண்ட் பத்தும். சூட்டை இழுத்து வெளிய தள்ளற ஹீட்சிங்க்தான் கேள்வி. இருக்கற ஹீட்சிங்க் கே3000எம்-ஓட வந்தது. அதுல மெமரி சிப்பும் பவர் பகுதியும் உக்கார்ற இடம் கே3000எம் அமைப்புக்கு. புது கார்டுல அந்த இடங்கள் மாறியிருந்தா நடுவுல வைக்கற சூடு கடத்தற மெத்தை, அதாவது தெர்மல் பேட், தொடாது. தொடலைன்னா நீங்க எந்த மென்பொருள்ல பார்த்தாலும் சிப் சூடு நல்லாவே காட்டும். மெமரி மட்டும் உள்ள வெந்துக்கிட்டு இருக்கும்.

ஃபேனையும் கவனிங்க. டெல் கார்டு இல்லைன்னா ஃபேன் எப்ப வேகமா ஓடணும்னு மெஷினுக்குச் சரியாப் புரியாமப் போகலாம். எச்டபிள்யூஇன்ஃபோ 64-ங்கற மென்பொருளைப் போட்டா டெல் ஃபேனைக் கையாலயே ஓட்டலாம்.

980எம் பத்தி: பித்தன் சொன்ன மாதிரி அதுவும் எம்5000எம்-மும் ஒரே ஜிஎம்204 சிப்தான், ரெண்டுலயும் 1536 கோர். கேம் ஆடறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். சாலிட்வொர்க்ஸ் ஆளுக்கு வேணாம். 980எம் மாதிரி கேம் ரகமான ஜிஃபோர்ஸ் கார்டைக் கண்டா சாலிட்வொர்க்ஸ்ல ரியல்வியூ (மாடலை நிஜப் பொருள் மாதிரி காட்டற வசதி) பட்டன் மங்கிடும். ரெஜிஸ்ட்ரில கை வச்சு அதை எழுப்பறவங்க இருக்காங்க. பிழைப்புக்கு ஓட்டற மெஷின்ல நான் அதைச் செய்ய மாட்டேன்.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஆப்டிமஸ் ஆன் ஆகுதா? விக்கிறவர் அனுப்பின கார்டு போட்டோ இருந்தா போடுங்க, சிப் பக்கம் கிட்ட வச்சு எடுத்ததா.

ஓசூர்_வரைவாளர்

பழைய_டெல் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கார்டு வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அசெம்பிளி திக்குவதற்குக் கார்டுதான் காரணமா? எங்கள் ஆபீஸில் பிரஸ் டூல் டிசைன். "கிராஃபிக்ஸ் பத்தவில்லை" என்று வருகிற புகாரில் பெரும்பாலானவை பிராசசர் புகார்தான்.

சோதித்துப் பாருங்கள் அண்ணா. ஜிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து சென்சர் பக்கத்தை ஓரமாக வையுங்கள். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் கிராஃபை ஒவ்வொரு கோராகக் காட்டச் சொல்லுங்கள். பிறகு திக்குகிற அந்த அசெம்பிளியை விடாமல் திருப்புங்கள். கார்டு லோடு 90-க்கு மேல் நின்றால் கார்டுதான். கார்டு 20, 30 என்று சோம்பிக் கிடந்து, ஒரே ஒரு கோர் மட்டும் உச்சியில் நின்றால் 8 ஜிபி கார்டு போட்டாலும் அதே திக்கல்தான். ஒரு பார்ட்டை மாற்றியதும் ரீபில்ட் ஆகிற நேரத்துக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தைப் பொறுத்தது.

டூல்ஸ் மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் இவால்யுவேஷன் இருக்கிறது. திரையில் உருவத்தை வரையும் முக்கோணங்களை எந்த பார்ட் அதிகம் சுமக்கிறது என்று அது வரிசைப்படுத்திக் காட்டும். பம்ப் அசெம்பிளியில் குற்றவாளி பெரும்பாலும் கேசிங்காக இருக்காது. கஸ்டமர் அனுப்பிய மோட்டாரின் 3டி மாடல் (ஸ்டெப் ஃபைல்), அல்லது மரை முழுவதையும் உண்மையாகவே வெட்டி வரைந்த போல்ட். ஃப்ளேன்ஜ் சுற்றிலும் அப்படி எட்டு போல்ட் நின்றால் போதும். அதில் ஒன்றைத் திறந்து, டாகுமென்ட் ப்ராபர்டீஸில் இமேஜ் குவாலிட்டி என்பதைப் பாருங்கள். ஸ்லைடர் சிவப்புப் பக்கம் தள்ளிக் கிடந்தால் இடப்பக்கம் இழுத்து விடுங்கள். மரையை காஸ்மெட்டிக் த்ரெட்டாக (வெட்டாமல் அடையாளமாக மட்டும் காட்டுவது) மாற்றுங்கள்.

ஆப்டிமஸ் ஆன் என்றால் இன்னொன்று. என்விடியா கண்ட்ரோல் பேனலில் சாலிட்வொர்க்ஸுக்கு நேராக என்விடியா பிராசசர் என்று தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மெஷினில் அது இன்டெல்லிலேயே ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

பிளெண்டர் கதை வேறு. அதற்குக் கார்டு நிச்சயம் உதவும். 2 ஜிபியில் இப்போது எந்தக் காட்சியும் அடங்காது.

பேட்டர்ன்_கோவை

அண்ணா, அம்மணி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. இத்தனை விவரமா யாரும் சொன்னதில்ல.

ஆப்டிமஸ் ஆல்ரெடி டிக் ஆயிருக்குதுங்க. டிவைஸ் மேனேஜர்ல இன்டெல் எச்டி 4000, க்வாட்ரோ ரெண்டும் தெரியுது. அப்ப எல்விடிஎஸ் திரைதானுங்களே? சாலிட்வொர்க்ஸ் க்வாட்ரோவுலதான் ஓடுது.

ஓசூர் அம்மணி சொன்னாப்பல செஞ்சு பார்த்தேன். கார்டு லோடு ஏறி இறங்கி முப்பதுக்குள்ளயே நிக்குது, ஒரு கோர் மட்டும் மேல முட்டிக்கிட்டு நிக்குது! பட்டியல்ல முதல்ல நின்னது கேசிங் இல்லீங்க, கஸ்டமர் அனுப்பின மோட்டார். உள்ள பேரிங் குண்டு ஒவ்வொண்ணையும் வரைஞ்சு வச்சிருக்கறாங்க. கூலிங் ஃபேன் கவர்ல ஓட்டை ஓட்டையா வேற. மோட்டாருக்கு வெளி உருவம் மட்டும் ஒரு டம்மி வரைஞ்சு போட்டேன். போல்ட் மரையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப நல்லாத் திரும்புதுங்க. ஒத்தை ரூபாய் செலவில்லாம.

ஆனா ரெண்டர் அப்படியேதான் இருக்குது. கேசிங் உள்பக்கம் தெரியற மாதிரி வெட்டி, வார்ப்புத் தோல் மேல டெக்ஸ்சர் குடுத்து ஒரு படம் போட்டா நிக்குது. அதுக்காகவாவது கார்டு மாத்தலாம்னு இருக்கறேன்.

விக்கிறவரு அனுப்பின போட்டோவ இணைச்சிருக்கறேன் பாருங்க. எம்5000எம்.

பழைய_டெல்

போட்டோ பெரிசு பண்ணிப் பார்த்தேன். இந்தக் கார்டை வாங்காதீங்க.

நடுவுல பளபளன்னு இருக்கற சிலிக்கானைச் சுத்தி பச்சை சப்ஸ்ட்ரேட் (சிலிக்கான் உக்கார்ற சின்னப் பலகை) இருக்கு பாருங்க. அதோட வலது ஓரத்துல பழுப்பா ஒரு கறை ஓடுது, கீழ்மூலையில காய்ஞ்ச தேன் கலர்ல தேங்கி நிக்குது. அது ஃப்ளக்ஸ், சால்டர் பண்றப்ப தடவற பசை. கம்பெனியில வந்த கார்டுல அந்த இடத்துல ஃப்ளக்ஸ் இருக்க வேலையே இல்ல. பக்கத்துல இருக்கற சின்ன கெப்பாசிட்டர் வரிசையில ரெண்டு லேசா கோணலா நிக்குது, சால்டர் உருகி நகர்ந்திருக்கு. சிப் மூலையில சிவப்புப் பசை புள்ளி இருக்கும், இதுல ஒரு மூலையில கறுத்துப் போயிருக்கு. மொத்தத்துல படம் வராமப் போன கார்டை ஹாட் ஏர்ல சூடு காட்டி எழுப்பியிருக்காங்க. டெஸ்டிங்ல ஓடும், வீட்டுக்கு வந்தும் ஓடும். எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது, நிக்கும்ங்கறது மட்டும் நிச்சயம். அவருக்கே தெரியாம இருக்கலாம், அவரும் யாரோ கிட்ட வாங்கினவர்தான்.

இப்ப உங்க வேலை என்னன்னு தெளிவாயிடுச்சு. திருப்பறது கார்டு பிரச்சனை இல்ல, ரெண்டர் மட்டும்தான். அப்ப நான் உங்களுக்குச் சொல்றது எம்5000எம்-மே இல்ல. க்வாட்ரோ எம்3000எம் தேடுங்க. அதே ஜிஎம்204 சிப்பு, 1024 கோர், 4 ஜிபி மெமரி. கே3000எம்-ல 576 கோர்தான், அதுவும் ஒரு தலைமுறை பழசு. முக்கியமா எம்3000எம் 75 வாட். இப்ப உள்ள கார்டும் 75. ஹீட்சிங்க், ஃபேன், அடாப்டர் எதுக்கும் புதுசா சுமை இல்ல. பட்டறையில தூசி, கோடையில கூரைச் சூடுன்னு யோசிச்சா அந்த 25 வாட் சின்ன விஷயம் இல்ல. 8 ஜிபி இருந்தா நல்லதுதான், ஆனா 17 இஞ்ச் பெட்டிக்குள்ள 100 வாட்டை நாள் பூரா ரெண்டர்ல ஓட்டற ஆளுக்குத்தான் நான் எம்5000எம் சொல்வேன், அதுவும் ஹீட்சிங்க்கோட சேர்த்து.

டெல் பிரசிஷன் 7710-ல கழட்டினதாப் பார்த்துக் கேளுங்க. அந்த மெஷின்லயும் எம்எக்ஸ்எம்தான். 7730-ல கழட்டினதுன்னு சொல்லி எதையாவது நீட்டினா வேணாம், அங்கிருந்து டெல் வேற மாதிரி ஒரு கார்டுக்குப் போயிட்டாங்க, உங்க ஸ்லாட்ல சேராது. இந்தியாவுல 2020 நவம்பர்ல சீன ஆன்லைன் கடையான அலிஎக்ஸ்பிரஸை நிறுத்தினதுக்கப்புறம் வெளிநாட்டுல இருந்து வரவழைக்கறது சுத்து வேலை, கஸ்டம்ஸும் மேல விழும். இங்கயே உடைஞ்ச 7710 பாடி தேடறது நல்லது.

கே5000எம் மலிவா கிடைக்கும், எம்6700-க்கே வந்த கார்டு, ஐஎன்எஃப் வம்பு எதுவும் இல்ல. அப்படியும் வேணாங்கறேன். கே5000எம், கே3000எம் எல்லாம் சேர்ந்த கெப்ளர் குடும்பம் முடிஞ்சு போச்சு. 470 வரிசை டிரைவரோட நிறுத்திட்டாங்க, கார்டுல கணக்குப் போட வைக்கற என்விடியா மென்பொருளான கூடா, அதோட 11-ம் பதிப்பு வந்தப்பவே இந்தச் சிப்பை விட்டுட்டாங்க. பிளெண்டர்ல ஆப்டிக்ஸ் (என்விடியாவோட ரெண்டர் வழி) வேணும்னா மேக்ஸ்வெல்லாவது இருக்கணும். மேக்ஸ்வெல்லும் சின்ன வயசில்ல, 580 வரிசைதான் அதுக்கும் கடைசி. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அதனால இந்த மெஷின்ல கார்டுக்குன்னு ஏழெட்டாயிரத்துக்கு மேல இறக்காதீங்க. அதுக்கு மேல போகுதுன்னா அந்தக் காசைச் சேர்த்து வச்சு அடுத்த மெஷினுக்குப் போங்க.

பித்தன் சொன்ன எக்ஸ்பிரஸ்கார்டு வழியையும் தள்ளிட முடியாது. அந்த ஸ்லாட் பிசிஐஇ 2.0-ல ஒரே லேன், நொடிக்கு 500 எம்பி. திரையில திருப்பறதுக்கு அது குறுகலான சந்து. ஆனா ரெண்டர்ல காட்சி ஒரு தடவை கார்டுக்குள்ள ஏறிட்டா அப்புறம் போக்குவரத்து கம்மி, பாதகமில்ல. மேஜை மேல டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ், திறந்து கிடக்கற கார்டு, அது மேல மரத்தூள். உங்க பட்டறையில வேணுமா? நீங்களே முடிவு பண்ணுங்க.

ஃபிரேம்_பித்தன்

மரத்தூள்னு சொன்னதும் நான் வாபஸ் வாங்கிக்கறேன் 😄

பேட்டர்ன்_கோவை

அண்ணா, கண்ணு உங்களுதுங்க! நான் அந்தக் கறைய பேஸ்ட் வழிஞ்சதுன்னு நினைச்சிருப்பேன். அவருகிட்ட வேண்டாம்னு சொல்லீட்டேன்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்ல ஒருத்தர்கிட்ட டிஸ்பிளே உடைஞ்ச 7710 இருக்குதாம், எம்3000எம் கார்டை மட்டும் கழட்டித் தர்றேங்கறாரு. போர்டுல மாட்டி வெளி மானிட்டர்ல ஓட்டிக் காட்டறேன்னும் சொல்றாரு. அங்க நான் என்னென்ன பார்க்கோணும்? கொண்டாந்து நானே மாட்டிக்கலாமுங்களா? கை நடுக்கமெல்லாம் இல்லீங்க, அரை மில்லிமீட்டர் ஃபைல் போட்டுப் பழகின கைதான்.

பழைய_டெல்

அந்தக் கை போதும் சார், தாராளமா நீங்களே மாட்டலாம்.

அங்க பார்க்க வேண்டியது: ஜிபியூ-இசட்ல ஷேடர் (கோர் எண்ணிக்கை) 1024, மெமரி ஜிடிடிஆர்5 4096 எம்பி வரணும். வேற கார்டுக்குப் பேரை மட்டும் மாத்தி எழுதி விக்கறதும் நடக்குது. அதுலயே ரெண்டர் டெஸ்ட் ஒண்ணு இருக்கு, பஸ் இன்டர்ஃபேஸ்ங்கற வரிக்குப் பக்கத்துல இருக்கற கேள்விக்குறி பட்டன். அதை ஓட விட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. திரையில புள்ளியோ கோடோ வந்தா வேணாம். முடிஞ்சா 7710-ஓட ஹீட்சிங்க்கையும் போட்டோ எடுத்துட்டு வாங்க, அது உங்களுக்குச் சேராது, ஆனா எந்தெந்தச் சிப் மேல பேட் இருந்துச்சுன்னு தெரியும்.

மாட்டறப்ப: பேட்டரியையும் அடாப்டரையும் எடுத்துட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. கீழ்மூடி மட்டும் திறந்தா கார்டு கைக்கு வராது, கீபோர்டும் பாம்ரெஸ்ட்டும் கழட்டணும். பாம்ரெஸ்ட்டுக்குக் கீழ போற பட்டை கேபிள்களைப் பிடிச்சு இழுத்துடாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் சின்ன தாழ்ப்பாள் இருக்கும், அதை நகத்தால தூக்கணும். ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல நம்பர் போட்டிருக்கும். மாட்டறப்ப அந்த வரிசையில, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா. சிப்புக்கு மேல மூடி கிடையாது, வெறும் சிலிக்கான். ஒரு மூலையை மட்டும் முழுசா இறுக்கினா விளிம்பு தெறிச்சிடும்.

பேட்டர்ன் ஆளுக்கு இதைச் சொல்லத் தேவையில்ல, இருந்தாலும்: பேட் தடிமனை ஊகிக்காதீங்க. மெமரி மேல பிளே-டோ மாதிரி மெத்துன்னு இருக்கற களிமண் துணுக்கை வச்சு, பேஸ்ட் இல்லாம ஹீட்சிங்க்கை ஒரு தடவை உக்கார வச்சு எடுங்க. நசுங்கினதை வெர்னியர்ல அளந்தா 0.5, 1, 1.5 எது வேணும்னு தெரிஞ்சிடும். தடிமன் கூடினா சிப்பு மேல ஹீட்சிங்க் படியாது, அது குறைஞ்சதை விட மோசம்.

ஐஎன்எஃப் வேலைக்கு வர்றப்ப ஹார்டுவேர் ஐடியை இங்க போடுங்க, எந்த வரியில சேர்க்கணும்னு சொல்றேன்.

பேட்டர்ன்_கோவை

களிமண் வச்சு அளக்கறது எங்க தொழில்லயே உண்டுங்க, கோர் பிரிண்ட் இடைவெளி பார்க்கறதுக்கு. சரீங்க, சனிக்கிழமை பெங்களூர் போறேன். ஒண்ணே ஒண்ணு: இப்ப உள்ள அடாப்டர் டூப்ளிகேட்டுங்க, 240-ன்னு போட்டிருக்குது. பயாஸ்ல அடாப்டர் வகை தெரியலைன்னு ஒரு எச்சரிக்கை எப்பவாவது வரும். பரவால்லீங்களா?

பழைய_டெல்

பரவாயில்லாம இல்ல சார். டெல் அடாப்டர் பின்னுக்கு நடுவுல ஒரு ஊசி இருக்கும், அது வழியாத்தான் "நான் 240 வாட்"னு மெஷினுக்குச் சொல்லும். அது சொல்லலைன்னா மெஷின் பிராசசர் வேகத்தைக் குறைச்சுடும், பேட்டரியும் சார்ஜ் ஏறாது. உங்க ஒத்தைக் கோர் திக்கல்ல பாதிக்கு இதுவே காரணமா இருக்கலாம். எச்சரிக்கை வர்ற நாள்ல டாஸ்க் மேனேஜர்ல ஸ்பீடு எவ்வளவு நிக்குதுன்னு பாருங்க. 3740க்யூஎம் ஒத்தைக் கோர்ல 3.7 வரைக்கும் ஏறணும். 1.2-ல நின்னா, கார்டுக்கு முன்னாடி ஒரிஜினல் அடாப்டர் வாங்குங்க.